யாருதுங்க இந்தப் பை

யாருதுங்க இந்தப் பைன்னு அந்தத் தம்பி கேட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். என்னுதுதாம்பா, அவ்வளவுதான், ஒரு வார்த்தை. கழுத்துல கம்பெனி அட்டை தொங்குற பையன், மரியாதையாத்தான் கேட்டான், சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாத்துட்டு. நான் வாசப்படி பக்கம் கம்பியைப் பிடிச்சிக்கிட்டு காத்து வாங்கிட்டு நின்னேன். எழும்பூர்ல ஏறினப்ப சீட்டு கெடைச்சுது, பையை அடியில தள்ளிட்டு உக்காந்தேன், மாம்பலத்துல ஒரு அம்மா முட்டியைப் பிடிச்சிக்கிட்டே ஏறினாங்க, எழுந்து எடம் குடுத்தேன், முட்டி வலியில அவங்க என் மூஞ்சியைக் கூடப் பாக்கல, பின்னாடியே ஒருத்தன் சமோசாக் கூடையோட வந்தான், அந்த எண்ணெய் வாசனை வெறும் வயித்துல போய் என்னமோ பண்ணுச்சு. நோம்பு வச்சவனுக்கு சாயங்காலம் ஆயிட்டா வயிறு ஒண்ணும் பண்ணாது, மூக்குதான் எதிரி. அதனால வாசலுக்கு வந்தேன். பை அங்கயே இருந்துச்சு. இதுல என்ன குத்தம்? ஒண்ணுமில்ல. கேட்டப்ப மட்டும் வாய் வரல. நாக்கு ஒட்டிக்கிச்சா, காலையிலேருந்து தண்ணி படாத நாக்கு, அதான் காரணம்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். இல்ல, அது காரணம் இல்ல. தம்பி கேட்டதும் அங்க இருந்த எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க, அப்ப நானும் பாத்தேன். யாருதோ பையை யாரோ தேடுற மாதிரி நானும் சுத்திமுத்திப் பாத்தேன். அதுதான் தப்பு. தலை தானா திரும்பிடுச்சு. திரும்பின தலையை மறுபடி எப்படித் திருப்புறது?

இப்ப அந்த அம்மா கேக்குறாங்க, ரெண்டாவது தடவை, கொஞ்சம் சத்தமா. ஏங்க, யாராவது மறந்துட்டு எறங்கிட்டாங்களா. கிண்டி போயிடுச்சு. முதல் தடவை சொல்லியிருந்தா பையில இருக்கிறது வெறும் கஞ்சி. ரெண்டாவது தடவை சொன்னா, ஏன் முதல்ல சொல்லலங்கிற கேள்வி கலந்த கஞ்சி. மூணாவது தடவைக்கு அது கஞ்சியாவே இருக்காது. நான் சும்மா நின்னா நேரம் சும்மா நிக்குதா, அது உள்ள பூந்து பையில இருக்கிறதை மாத்திட்டே இருக்கு. இத்தனைக்கும் பையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும், நான்தான் கட்டினேன். எவர்சில்வர் தூக்கு. அது நெறைய பள்ளிவாசல்ல வாங்கின நோம்புக் கஞ்சி, கொதிக்கக் கொதிக்க. ரயில்ல சிந்தக்கூடாதுன்னு என் வீட்டம்மா ஜைத்தூன் தம் பிரியாணிச் சட்டிக்கு ஒட்டுற மாதிரி மூடி ஓரமா மைதா மாவைப் பிசைஞ்சு ஒட்டிக் குடுத்தா. சூடான சாமானைக் காத்துப் போகாம அடைச்சா என்ன ஆகும்னு காலமெல்லாம் ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏத்துற எனக்குத் தெரியாதா? தெரியும். நோம்பு நேரத்து மூளை. ரயில் குலுங்கினதுல மாவு விரிசல் விட்டிருக்கு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் நிக்கும், அப்புறம் மறுபடி புஸ். எங்கே லீக், எவ்வளவு லீக்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், அதுதான் என் பொழப்பு. ஆனா இங்க யாரும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இல்ல. அதுவும் பரவாயில்ல. தூக்கு ஆடாம இருக்கணும்னு சுத்தி முட்டுக் குடுத்தேன் பாருங்க, அதுதான் வினை. கையில என்ன இருந்துச்சோ அதை வச்சேன். என் கையில என்ன இருக்கும்? ஒரு துண்டு செப்புக் குழாய். ஒரு சுருள் ஒயர். அப்புறம் காலையில ஒரு வீட்ல கழட்டின பழைய டைமர். ஃப்ரிட்ஜுக்குள்ள ஐஸை உருக்கிவிட டைமர் ஒண்ணு இருக்கும், பத்து பேர்ல ஒன்பது பேருக்கு அது தெரியாது. ஆனா அது மேல இங்கிலீஷ்ல டைமர்னு எழுதியிருக்கும். அதைப் படிக்க எல்லாருக்கும் தெரியும்.

மூச்சை மெதுவா விடு நஜ்மு. யாருக்கும் உன்னைத் தெரியாது. தாடி மழிச்ச மொகம், கட்டம் போட்ட சட்டை, பேன்ட்டு. தொப்பி பாக்கெட்ல மடிச்சு இருக்கு, தொட்டுப் பாத்துக்கிட்டேன், இருக்கு. காஜா நஜ்முதீன்னு நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு. பரங்கிமலை வரும், எறங்கிடலாம், அடுத்த ரயில்ல போயிடலாம், கஞ்சி போனா போகுது. போனா போகுதா? என் கூட்டாளி ஏகநாதன் ஆஸ்பத்திரிப் படுக்கையில கண்ணைத் தொறந்து வச்சுக்கிட்டுக் காத்திருப்பான். வயித்துல ஆபரேஷன் ஆகி இன்னையிலேருந்துதான் கஞ்சி குடிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். நேத்து போன்ல சொன்னான், கொரல் கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி, டாக்டர் கஞ்சின்னார் நஜ்மு, எந்தக் கஞ்சின்னு நான் கேட்டுக்கல, நீ கொண்டாந்துடுன்னான். மூணு மாசம் கழிச்சு அவன் என்கிட்ட பேசின முதல் பேச்சு அது. மூணு மாசம் ஏன் பேசலைன்னா, வேணாம், அது இப்ப வேணாம், பை, பையைப் பாரு. மீசைக்காரர் ஒருத்தர் எழுந்து நின்னுட்டார். உள்ள ஏதோ சத்தம் வருதுங்கன்னு சொல்றார். அந்த அம்மா காலைத் தூக்கி சீட்டு மேல வச்சுக்கிட்டாங்க, முட்டி வலி எங்க போச்சோ.

இந்தப் பயம் எங்கேருந்து வந்துச்சு? என்னோட சொந்தப் பயம் இல்ல இது, வெளியூர்லேருந்து எறக்குமதி ஆனது. நான் பாஸ்போர்ட் கூட எடுத்ததில்ல. ஆனா உலகத்துல எந்த மூலையில எது நடந்தாலும் பதில் என்கிட்டதான் கேப்பாங்க. என் பாட்டனார் காலத்துல துருக்கியில இருந்த எங்க மதத் தலைவர் கலீஃபாவுக்கு ஆபத்துன்னு தெருவுல உண்டியல் குலுக்கினாங்களாம், அத்தா சொல்வார். நாயக்கர் வீடு, முதலியார் வீடு எல்லாரும் சேந்து குலுக்கினாங்க, காந்தியே அந்தப் பக்கம்தான். கடைசியில துருக்கிக்காரங்களே அந்த கலீஃபாவை ரயில் ஏத்தி ஊரை விட்டு அனுப்பிட்டாங்க, நம்ம உண்டியல் என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் தகவல் இல்ல. அப்புறம் நான் சின்னப் பையனா இருக்கும்போது பெட்ரோல் வெல ஏறுச்சு. எதிர் வீட்ல ஸ்கூட்டர் வச்சிருந்தவர் அத்தாவைப் பாத்து, என்ன பாய், உங்க ஆளுங்க குழாயை மூடிட்டாங்களேன்னார். அத்தா சைக்கிளைத் தொடைச்சிக்கிட்டே, எங்க வீட்டுக் குழாயிலயும் நாலு நாளா தண்ணி இல்லீங்கன்னார். சிரிச்சிட்டுப் போயிட்டாங்க. அப்பல்லாம் சிரிக்கலாம். அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் நல்ல காலம், பாய்னா துபாய். எனக்கு அங்க ஒரு ஈ காக்காவைத் தெரியாது, ஆனா யார் வேலைக்குக் கேட்டாலும் பாக்கலாம்னு சொல்லுவேன், டீ வாங்கிக் குடுப்பாங்க. ஈரான்ல புரட்சின்னாங்க, பேப்பர்ல தாடி வந்துச்சு. ஆப்கானிஸ்தான்ல ரஷ்யாக்காரனை எதுத்து நின்னவனை வீரன்னு போட்டாங்க, போட்டோவோட. பின்னாடி அதே மாதிரி தாடி, அதே மாதிரி துப்பாக்கி, கீழ எழுதியிருக்கிற பேரு மட்டும் வேற. குவைத் சண்டையப்ப பட்டறையில என்னை சதாம்னு கூப்பிட்டாங்க, பாசமாத்தான். குண்டு போட்டவனும் குண்டு வாங்கினவனும் ரெண்டு பேருமே பாயுங்கதானேன்னு யாருக்கும் தோணல. அப்புறம் அயோத்தி, அப்புறம் பம்பாய், அப்புறம் கோயம்புத்தூர். அங்க செத்தவங்க போட்டோவை நானும் பேப்பர்லதான் பாத்தேன், எல்லாரையும் போல. ஆனா பேப்பரை மடிச்சு வச்சதும் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தொப்பி பாக்கெட்டுக்குள்ள போனது அந்த வருஷம்தான். யாரும் எடுக்கச் சொல்லல. நானாத்தான்.

பரங்கிமலை வந்துடுச்சு. எறங்கு. காலு எறங்க மாட்டேங்குது. நாலஞ்சு பேர் எறங்கினாங்க, அதுல ரெண்டு பேர் பக்கத்துப் பொட்டிக்கு ஓடி ஏறினதைப் பாத்தேன். இப்ப நான் எறங்கி, யாராவது பாத்து, அதோ அந்த ஆளுதான்னு கை நீட்டிட்டா? பையை வச்சுட்டு எறங்கினவன். அந்த வார்த்தையை யோசிச்சாலே முதுகுல வேர்க்குது. ரயில் கெளம்பிடுச்சு, நிம்மதி, இல்ல, நிம்மதி இல்ல. தம்பி செல்போன் வெளக்கைப் போட்டுட்டு சீட்டுக்கு அடியில அடிக்கிறான். தொடாதீங்க, தொடாதீங்கங்கிறாங்க அந்த அம்மா. தொடல, பாக்குறேன், பை ஜிப்பு பாதிதான் மூடியிருக்கு, ஏதோ பாத்திரம் தெரியுது, துண்டு சுத்தியிருக்கு, பேரு வெட்டியிருக்குங்கிறான். பேரு. ஆமா, பேரு வெட்டியிருக்கும். நம்ம ஊர்ல எவர்சில்வர்ல பேரு வெட்டாத பாத்திரம் உண்டா, கரண்டிக்குக் கூட வெட்டுவோம், கல்யாண வீட்ல கலந்துடக் கூடாதுன்னு. அந்தப் பேரை வெட்டினவனே ஏகநாதன்தான். பாத்திரக் கடையில பேரு வெட்டுறதுதான் அவன் வேலை. என் கல்யாணத்துக்கு அந்தத் தூக்கை வாங்கி அவன் கையாலயே வெட்டிக் குடுத்தான். தம்பி எழுத்துக் கூட்டிப் படிக்கிறான், வெளக்கை ஆட்டி ஆட்டி. ஜை. ஜைத்தூன். ஜைத்தூன் பீவி. பேரு படிக்கிற வரைக்கும் அது அநாதைப் பை, யாருதோ, பாவம் மறந்துட்டாங்க. இப்ப அதுக்கு ஒரு ஆள் கெடைச்சாச்சு. யாரும் ஒண்ணும் சொல்லல, சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல, அதான் பயமே. மீசைக்காரர் மெதுவா, குழந்தைங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போங்கன்னார். ஜைத்தூனுக்கு எலியைப் பாத்தாலே கட்டில் மேல ஏறத்தான் தெரியும்.

அந்தப் பேருக்குக் கீழ இன்னொரு வரி இருக்கு. துண்டு மறைச்சிருக்கு. அன்பளிப்பு, சி. ஏகநாதன். அதைப் படிடா தம்பி, துண்டை இன்னும் கொஞ்சம் வெலக்குடா. சின்னதா வெட்டியிருப்பான், அவன் பேருன்னா அவனுக்குக் கூச்சம். நைட் ஸ்கூல்ல நாங்க ஒரே பெஞ்சு. பகல்ல அவன் பாத்திரக் கடை, நான் பட்டறை, ராத்திரி பத்தாம் வகுப்பு. நோம்பு மாசத்துல க்ளாஸ் ஆரம்பிக்கிறப்பதான் பள்ளிவாசல்ல நோம்பு தொறக்கிற பாங்கு சொல்வாங்க. பசி தாங்க மாட்டான் அவன், வரும்போதே வடைப் பொட்டலத்தோட வருவான், ஆனா நான் நோம்பு தொறக்கிற வரைக்கும் பிரிக்க மாட்டான். உன்னாலடா நானும் பட்டினின்னு திட்டிக்கிட்டே ஜன்னல் வழியா வானத்தைப் பாப்பான். இன்னும் இருட்டலையே, உங்க அல்லாவுக்கு கொஞ்சம் சீக்கிரம் சொல்லப்படாதாம்பான். அந்த க்ளாஸ்லதான் வரலாறு வாத்தியார் ஒரு நாள் போர்டுல உலகப் படம் போட்டு, மொராக்கோவுல ஆரம்பிச்சு இந்தோனேஷியா வரைக்கும் பச்சை சாக்பீஸால தேச்சார். இது இஸ்லாமிய உலகம்னார். அவர் நல்ல மனுஷன், படத்துக்காகத் தேச்சார். ஏகநாதன் என் காதுல, டேய் நஜ்மு, இவ்வளவும் உங்களுதா, ஒரு மனை எனக்குக் குடுடான்னான். நான் அந்தப் பச்சையில எங்க தெருவைத் தேடினேன், இல்ல. தேச்ச பச்சைக்கு உள்ள இருந்தவங்க ஒருத்தனோட ஒருத்தன் அடிச்சுக்கிட்டிருந்தாங்க அந்த வருஷமே, அது சாக்பீஸ்ல தெரியல. நாங்கள்லாம் ஒண்ணாச் சேந்து உலகத்தையே பிடிக்கப் போறோமாம். எங்க தெருவுல ரெண்டு பள்ளிவாசல், ஒண்ணு கண்ணால பாத்த பிறைதான் பிறைங்குது, இன்னொண்ணு மக்காவுல தெரிஞ்சாப் போதுங்குது, போன பெருநாளைக்கு நான் கீழ நோம்போட உக்காந்திருக்கேன், மாடியில என் மச்சான் பிரியாணி சாப்பிட்டு ஏப்பம் விடுறான். ஆனா மூணு மாசம் முன்னாடி அதே படம் ஏகநாதன் போன்லேருந்து என் போனுக்கு வந்துச்சு. இந்தத் தடவை படம் அசையுது. வருஷம் ஓட ஓட பச்சை பரவுது, கீழ எறங்குது, இந்தியாவை முழுங்குது, பின்னாடி பேய்ப் படத்து மியூசிக். விழிச்சுக்கோன்னு கடைசியில எழுத்து. பலபேருக்கு அனுப்பினதை எனக்கும் கை தவறி அனுப்பியிருப்பான். இல்ல, தவறாமலா? நான் திருப்பி எழுதினேன், இதுல உன் மனை எங்கடா வருதுன்னு. நீலக் கோடு ரெண்டும் வந்துச்சு. படிச்சான். பதில் இல்ல. கூட வடை தின்னவன் என்னைப் பாத்துப் பயப்பட ஆரம்பிச்சுட்டான்னா, இந்தப் பொட்டியில இருக்கிறவங்க பயப்பட எவ்வளவு நேரம் ஆகும்?

மீனம்பாக்கம் தாண்டியாச்சு. இடது பக்கம் மலை, வலது பக்கம் விமான நிலையம், விமானம் ஒண்ணு தலைக்கு மேல தாழ வருது, அந்த இரைச்சல்ல எல்லாரும் ஒரு தடவை குனிஞ்சு நிமிர்றாங்க, நானும்தான். அமெரிக்காவுல ரெண்டு கோபுரமும் விழுந்த அன்னைக்கு நான் ஒரு ரிட்டயர்டு பேங்க் ஆபீசர் வீட்ல கம்ப்ரெசர் மாத்திக்கிட்டிருந்தேன். ஹால்ல டிவி. அவர் கூப்பிட்டார், பாய் இங்க வாங்க, என்ன அநியாயம் பாருங்கன்னு, நானும் கையில ஸ்பேனரோட நின்னு பாத்தேன், ரெண்டு பேரும் அய்யோ அய்யோன்னோம். ஒரே அய்யோதான். அடுத்த மாசம் கேஸ் செக் பண்ணப் போனப்ப, உங்க ஆளுங்க எதுக்கு இப்படிப் பண்றாங்க பாய்னு கேட்டார், நெஜமாவே தெரிஞ்சுக்கிற ஆசையோட. எனக்கும் அவருக்கும் நடுவுல அந்த ஒரு மாசத்துல யாரோ கோடு போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்குத் தெரியல சார்னேன். தெரியலன்னதை அவர் நம்பல. அதான், அதேதான் இப்பவும், தெரியலன்னா நம்ப மாட்டாங்க, தெரியும்னாலும் நம்ப மாட்டாங்க. தூக்கி வெளிய எறிஞ்சுடுங்கங்கிறார் மீசைக்காரர். எறிஞ்சா கீழ லைன்ல நடக்கிறவங்க மேல விழும்ங்கிறான் தம்பி. ஸ்டேஷன் வந்ததும் போலீசைக் கூப்பிடலாம். அதுவரைக்கும்? புஸ். அந்த அம்மா கண்ணை மூடிட்டு எதையோ முணுமுணுக்கிறாங்க. தம்பி மண்டி போட்டான். சரி, நானே எடுத்து வாசல்கிட்ட வச்சுடறேன், எல்லாரும் தள்ளிப் போங்கன்னான். கையை நீட்டுறான். சாவைத் தூக்கப் போறோம்னு நினைச்சுக்கிட்டு, யாருக்காகவோ, இந்தச் சின்ன வயசுல, கையை நீட்டுறான். அவன் பயப்படுறது என்னைப் பாத்து. நான் பயப்படுறது அவனைப் பாத்து. நடுவுல கஞ்சி.

"தம்பி, விடு. அது என்னுது."

என் கொரல்தான். இவ்வளவு சின்னக் கொரலா எனக்கு? எல்லாத் தலையும் திரும்புச்சு. நான் நடந்து போனேன், வழி தானா விட்டுச்சு, கூட்டமான ரயில்ல எனக்கு இவ்வளவு வழி யாரும் விட்டதில்ல. கஞ்சிங்க, ஆஸ்பத்திரியில கூட்டாளிக்கு, சூடு, அதான் சத்தம், நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கு, உள்ள சாமான் இருக்கும், பயப்படாதீங்கன்னு நான்பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே மண்டி போட்டு பையை இழுத்தேன். செப்புக் குழாயை எடுத்து வெளிய வச்சேன். ஒயரை வச்சேன். டைமரை எழுத்து கீழ போற மாதிரி வச்சேன், அந்த நேரத்துலயும் அந்த புத்தி. தூக்கை எடுத்து மாவை நகத்தால பேத்தேன், மூடியைத் தொறந்தேன், ஆவி குப்புன்னு வந்துச்சு, பூண்டு, இஞ்சி, வெந்தயம், தேங்காப்பால், புதினா, அந்தப் பொட்டி முழுக்க அந்த வாசனை போச்சு. அப்பவே முடிஞ்சுது. மூக்கு இருக்கிற எவனுக்கும் அது என்னன்னு தெரிஞ்சுருக்கும். எனக்குத்தான் தெரியல. நிமிர்ந்து பாத்தேன், அவங்க பாத்துக்கிட்டிருந்தாங்க, தம்பி, மீசைக்காரர், அந்த அம்மா. யாரும் ஒண்ணும் கேக்கல. நான் மூடியில கொஞ்சம் ஊத்தினேன். கொஞ்சம் சட்டையில கொட்டுச்சு. எடுத்துக் குடிச்சேன். பாத்தீங்களா, பாருங்க, கஞ்சிதான், இன்னொரு வாய் குடிச்சேன், எல்லாரையும் பாத்துக்கிட்டே, சின்னப் புள்ளை மருந்தை முழுங்கிட்டு வாயைத் தொறந்து காட்டுற மாதிரி. நாக்கு வெந்துபோச்சு. தொண்டை வெந்துபோச்சு. விடியலுக்கு முன்னாடியிலேருந்து ஒரு சொட்டு எறங்காத தொண்டை. அந்த ரெண்டாவது வாய் எறங்கினப்பதான் என்ன பண்ணினேன்னு எனக்கே தெரிஞ்சுது.

தம்பி குனிஞ்சு ஒயரையும் குழாயையும் எடுத்துக் குடுத்தான். சாரி சார், நாங்க உங்களை ஒண்ணும் சொல்லலையேன்னான். உண்மைதான். மீசைக்காரர் தளர்ந்து உக்காந்து, முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லன்னார். அதுவும் உண்மைதான். துண்டு வெலகியிருந்த இடத்துல தம்பி அந்த ரெண்டாவது வரியைப் படிச்சான், மனசுக்குள்ளதான், உதடு அசைஞ்சதை நான் பாத்தேன். அந்த அம்மா மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாங்க. காலைக் கீழ எறக்கிட்டாங்க.

"இன்னும் பாங்கு சொல்லலையேங்க. எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் பள்ளிவாசல். நீங்க நோம்பு இல்லையா?"

"சுகர்ம்மா," அப்படின்னேன். "மாத்திரை போடணும்."

அவங்க நம்பினாங்க. அது ஒண்ணைத்தான் இன்னைக்கு உடனே நம்பினாங்க. பல்லாவரம் வந்து, போச்சு. மாவு உடைஞ்சுட்டதால மூடி சரியா உக்காரல, தூக்கை மடியில வச்சு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டேன், அந்த அம்மா நகந்து எடம் குடுத்திருந்தாங்க. விட்ட நோம்பைப் பின்னாடி ஒரு நாள் வச்சுக்கலாம், மார்க்கத்துல அதுக்கு எடம் இருக்கு. உசுருக்கு பயந்து குடிச்சாக் குத்தமில்லன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்து சொல்லுவார். ஆனா யாரு மிரட்டினதுன்னு கேப்பார். அதுக்கு என்ன பதில் சொல்றது, யாரும் மிரட்டலீங்க ஹஜ்ரத்தே, பாத்தாங்க, அவ்வளவுதான்னா? போன் அடிச்சுது. ஏகநாதன். எடுக்கலாமா வேணாமான்னு பாத்து எடுத்தேன்.

"எங்கடா இருக்க?"

"பல்லாவரம் தாண்டியாச்சு."

"மெதுவா வா, அவசரமில்ல. நர்ஸம்மா அஞ்சு மணிக்கே எதையோ கொண்டாந்து நீட்டுச்சு, வேணாம்னுட்டேன். கூட்டாளி நோம்பு தொறக்காம நான் வாய் வைக்கிறதில்லன்னு சொல்லியிருக்கேன். பாங்கு இங்க ஜன்னல்ல நல்லாக் கேக்குது. சேந்து குடிக்கலாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அந்தப் படம் அனுப்பினேன்ல, நஜ்மு. எதுக்கு அனுப்பினேன்னு... நேர்ல வா, சொல்றேன்."

நான் ஜன்னல் வழியா பாத்தேன். மலை மேல வெயில் இன்னும் அப்படியே இருந்துச்சு. நாக்கு வெந்து தடிச்சுக் கெடந்துச்சு, அதனால சரின்னு மட்டும் சொன்னேன்.